வாய் திறப்போம், வார்த்தை தடிக்க வேண்டாம்!



சம்பளம், வீடு, தண்ணீர், பள்ளிக்கூடம் என்று எத்தனையோ விஷயங்களை இந்தப் பகுதியில் பேசி வருகிறோம். இந்த வாரம் பேச்சைப் பற்றியே பேசலாம் என்றிருக்கிறேன். "பேச்சில என்னங்க இருக்கு? வெள்ளி ஒழுங்கா கைக்கு வந்தா போதும்" என்று சிலர் சொல்லக்கூடும். ஆனால் சங்க வேலையாகத் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்குகிறவர்களுக்கு ஒரு சங்கதி நன்றாகத் தெரியும். நம்முடைய தகராறுகள் பலவும் வெள்ளியில் ஆரம்பித்து வார்த்தையில் முடிகின்றன. ஐம்பது வெள்ளி குறைந்ததைக் கேட்கப் போனவன், கடைசியில் வேலையையே பறிகொடுத்து நிற்கிறான். அந்த ஐம்பது வெள்ளிக்காக அவனை யாரும் நிறுத்தவில்லை. அவன் கேட்ட விதத்துக்காக நிறுத்தினார்கள்.

இன்னொரு ரகமும் நம்மிடையே உண்டு. சம்பளச் சீட்டில் குறைவது தெரியும். ஏன் குறைந்தது என்று கேட்க மனமும் துடிக்கும். ஆனால் வாய் திறக்காது. "நமக்கு எதுக்கு வம்பு, ரெண்டு பிள்ளைங்க படிக்குது" என்று மாதா மாதம் விட்டுக்கொடுத்தே பழகிவிட்டார்கள். இவர்களுக்கு வேலை நிலைக்கிறது. உழைத்த கூலி முழுசாக வருவதில்லை.

கத்தினால் வேலை போகிறது, கம்மென்று இருந்தால் கூலி போகிறது என்றால், பாட்டாளி என்னதான் செய்வது? இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கத்தான் செய்கிறது. மனத்தில் உள்ளதை மறைக்காமல் சொல்வது. சொல்லும்போது நம் மானத்தையும் எதிரில் இருப்பவரின் மானத்தையும் சேர்த்துக் காப்பாற்றுவது. "இது கும்பிடு போட்டுப் பிழைக்கிற வழி ஆச்சே" என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். நம் பாட்டன்மார் ரத்தம் சிந்தி வாங்கிக் கொடுத்த வழி இது. அதை முதலில் சொல்கிறேன்.

சைக்கிளை விட்டு இறங்கிய காலம்

வெள்ளைக்காரன் காலத்துத் தோட்டங்களில் ஒரு வழக்கம் இருந்தது. தொழிலாளி சைக்கிளில் போகும்போது எதிரே துரை வந்தால் உடனே இறங்கி நிற்க வேண்டும். துரைக்கு மட்டும் இந்த மரியாதை என்றால்கூட ஏதோ ஆள்கிற சாதி என்று விட்டிருப்பார்கள். நம்மைப் போலவே கறுத்த தோல் கொண்ட கிராணிமார் வந்தாலும் இறங்கத்தான் வேண்டும். தன் சொந்தக் காசில் வாங்கிய சைக்கிளில் தன் வேலையாகப் போகிறவனுக்குத்தான் இந்த நிலை.

1941-ஆம் ஆண்டு சிலாங்கூரில், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலை நிறுத்தம் வெடித்தது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தைச் சேர்ந்த ஆர்.எச். நாதன் அதற்கு முன்னின்றார். தொழிலாளர் வைத்த கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள். சம்பளத்தைச் சீனத் தொழிலாளர்க்குச் சமமாக்கு என்பது இருந்தது. பிள்ளைகளுக்கு நல்ல பள்ளிக்கூடம் வேண்டும், கள்ளுக்கடையை மூடு என்பவையும் இருந்தன. அவற்றோடு, சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கத்தை எடுத்துவிடு என்பதும் இருந்தது. எங்கள் பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்து, முரட்டுத்தனமாக நடத்தும் அதிகாரிகளை மாற்று, குறையைச் சொன்னவனைப் பழிவாங்காதே, எங்கள் குறையைச் சொல்ல ஒரு சங்கம் வைத்துக்கொள்ள விடு என்றும் கேட்டார்கள்.

எண்ணிப் பாருங்கள் தோழர்களே! அரை வயிற்றுக் கஞ்சிக்கே கூலி போதாத காலம் அது. அப்போதும் அந்தப் பெரியவர்கள் வெள்ளியை மட்டும் கேட்கவில்லை. எங்களை மனிதராக நினைத்துப் பேசு, நாங்கள் பேசினால் காது கொடுத்துக் கேள், பேசியதற்காக அடிக்காதே என்று கேட்டிருக்கிறார்கள். வயிறும் மானமும் ஒன்றோடொன்று கட்டிக் கிடப்பவை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அதற்குக் கிடைத்த பதில் என்ன? அந்த ஆண்டு மே மாதம் நாதனைப் பிடித்து அடைத்தார்கள்; பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். பட்டாளத்தைத் தோட்டத்துக்குள் இறக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் மாண்டார்கள். இன்றைக்கு நாம் மேனேஜருக்கு எதிரே மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமல் போகிறோமே, அந்தச் சாதாரண விஷயத்துக்குக் கொடுத்த விலை அது.

மேசைக்கு எதிரே ஒரு நாற்காலி

போர் முடிந்து, பல கஷ்டங்கள் கடந்து, 1954-இல் பல தோட்டத் தொழிற்சங்கங்கள் ஒன்றாகித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஆயின. பி.பி. நாராயணன் போன்றவர்கள் அதைக் கட்டி எழுப்பினார்கள். அந்தத் தொண்டுக்காக அவருக்கு 1962-இல் பிலிப்பைன்ஸ் நாட்டின் மக்சேசே விருது கிடைத்தது. அவருடைய கொள்கையில் குறை சொல்கிறவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. "முதலாளியிடம் ரொம்ப மெதுவாகப் பேசுகிறார்" என்பார்கள். அந்த வாதத்தை இங்கே கிளற வேண்டாம். சைக்கிளை விட்டு இறங்கி நின்றவர்களின் பிள்ளைகள், முதலாளிமார் சங்கத்தாருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, கணக்கைக் காட்டிப் பேசினார்கள். அதுவரை நாம் மனு கொடுத்தோம், அவர்கள் உத்தரவு போட்டார்கள். அதற்குப் பிறகு இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடும் ஒப்பந்தம் வந்தது.

பேச்சுக்கு இடமில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் மலாக்கா மாநிலத்திலேயே சாட்சி இருக்கிறது. 1967-ஆம் ஆண்டு, குனோங் லேடாங் அடிவாரத்தில் உள்ள புக்கிட் அசகான் தோட்டத்தில் தகராறு முற்றியது. தோட்டத்துக்குள் தீர்வு கிடைக்காத தொழிலாளர்கள், தங்கள் குறையைத் தலைநகரில் சொல்லக் கோலாலம்பூர் வரை கால்நடையாகவே போனார்கள். பஸ்ஸில் போனால் அரை நாள். அவர்கள் நடந்தே போனார்கள். அந்தப் பக்கத்துப் பெரியவர்களிடம் கேட்டால் இன்னும் சொல்வார்கள். ஆபீஸ் வாசலில் தீர வேண்டிய சங்கதி அங்கே தீராதபோது ஜனங்கள் இத்தனை தூரம் நடக்க வேண்டியதாகிறது.

அந்த நடைக்குப் போனவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் ஒவ்வொரு மாதச் சம்பளத்துக்கும் கோலாலம்பூருக்கு நடக்க முடியுமா? அதனால்தான் பேச்சைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறேன்.

நாமே பார்த்த இரண்டு பேர்

நம் மாநிலத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். தோட்டத்தின் பெயரும் ஆள் பெயரும் வேண்டாம்.

குலை வெட்டும் தொழிலாளி ஒருவர். நல்ல உழைப்பாளி. ஒரு மாதம் அவருக்கு மூன்று நாள் வேலை செக்ரோலில் ஏறவில்லை. சம்பளச் சீட்டைப் பார்த்ததும் ரத்தம் கொதித்துவிட்டது. மறுநாள் விடியற்காலை பெரட்டில், அத்தனை பேர் எதிரில், "என் காச எவன்டா தின்னது?" என்று கிராணியைப் பிடித்துக்கொண்டார். கிராணி சின்ன வயசுப் பையன். அவனும், "யார்கிட்ட பேசுறன்னு தெரியுதா?" என்று எகிறினான். அப்புறம் தாய், தகப்பன் எல்லாரையும் இழுத்தாகிவிட்டது. நாற்காலி ஒன்றும் உடைந்தது. அந்த வாரமே அவருக்குச் 'சூராட் துஞ்சோக் செபாப்' என்கிற, காரணம் கேட்கும் கடிதம் வந்தது. கடிதத்தில் என்ன இருந்தது தெரியுமா? மேலதிகாரியைத் திட்டியது, மிரட்டியது, நிர்வாகச் சொத்தைச் சேதப்படுத்தியது. மூன்று நாள் சம்பளத்தைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. நியாயம் அவர் பக்கம் இருந்தது. அவர் வாயைத் திறந்த ஐந்து நிமிடத்தில் அது இடம் மாறிப் போய்விட்டது.

அதே தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் அம்மா ஒருவர். தோட்டப் பள்ளியில் நாலாம் வகுப்புவரை படித்தவர். மகளுடைய பழைய கணக்குப் புத்தகத்தில் தினமும் எழுதி வைப்பார்: தேதி, எந்த நிரை, எத்தனை சாக்கு. அவருக்கும் ஒரு மாதம் சாக்குக் கணக்கு குறைந்தது. தோட்டக் கமிட்டி ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, வேலை முடிந்த பிறகு ஆபீஸ் போனார். "தம்பி, என் கணக்குல இத்தன சாக்கு இருக்கு. உங்க கணக்குல கொறயுது. எங்க தப்புன்னு ரெண்டு பேரும் பாத்துடலாமா?" என்றார். பையன் தாளை எடுத்தான். ஒரு நாள் கணக்கை வேறொருவர் பெயரில் ஏற்றியிருந்தது தெரிந்தது. அடுத்த சம்பளத்தில் அந்த வெள்ளி வந்து சேர்ந்தது.

அந்த அம்மா பயந்து பேசினாரா? இல்லை. தன்னிடம் இருந்ததைத் திறந்து காட்டினார். "நீ திருடன்" என்று சொல்லாமல் "எங்க தப்புன்னு பாக்கலாமா" என்றார். தப்பு செய்தவனுக்குத் தப்பைத் திருத்திக்கொள்ள ஒரு வழியை விட்டு வைத்தார். வழியில்லாமல் மூலையில் தள்ளினால் பூனையும் பிறாண்டும். கிராணி பிறாண்ட மாட்டானா?

கேட்கப் போகுமுன் கவனிக்க வேண்டியவை

இதை எல்லாரும் செய்ய முடியும். படிப்பு பெரிசாக வேண்டியதில்லை.

முதலாவது, கையில் கணக்கு இருக்கட்டும். தேதி, வேலை செய்த இடம், டன் கணக்கு அல்லது சாக்குக் கணக்கு, மழை பெய்து நின்ற நாள். "எனக்கு எப்பவும் கொறயுது" என்று பொதுவாகச் சொன்னால் யாரும் அசைய மாட்டார்கள். "12-ஆம் தேதி, 14-ஆம் தேதி ரெண்டும் ஏறல" என்று சொன்னால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

இரண்டாவது, நேரமும் இடமும் பார்த்துப் பேசுங்கள். பெரட்டுக்களத்தில் நூறு பேர் எதிரில் கேட்டால், கிராணி பதில் தேட மாட்டான். தன் முகத்தைக் காப்பாற்றத்தான் பார்ப்பான். நாமும் கைதட்டல் கேட்டுவிட்டால் நிறுத்த மாட்டோம்.

மூன்றாவது, தனியாகப் போகாதீர்கள். கமிட்டி ஆள் ஒருவர் கூட வரட்டும். சண்டைக்குத் துணையாக என்று எண்ணாதீர்கள். என்ன பேசினோம் என்பதற்குச் சாட்சியாகவும், நாம் சூடானால் சட்டையைப் பிடித்து இழுக்கவும்தான்.

நான்காவது, வாயால் சொல்லி நடக்காவிட்டால் எழுத்தில் கொடுங்கள். ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும். அவர்கள் நீட்டும் தாள் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருந்து, அர்த்தம் புரியவில்லை என்றால் கையெழுத்துப் போடாதீர்கள். "படிச்சுக் காட்டச் சொல்லிட்டுக் கையெழுத்துப் போடுறேன் சார்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். அப்படிச் சொல்வது எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை.

சட்டம் எங்கே நிற்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவுப்படி, நடத்தை சரியில்லை என்று சொல்லி ஒருவரை வேலை நீக்குவதற்கு முன் முறையான விசாரணை நடத்த வேண்டும். விசாரணைக்காக வேலையிலிருந்து நிறுத்தி வைத்தால், அது இரண்டு வாரத்துக்கு மேல் போகக் கூடாது. அந்த நாள்களுக்குப் பாதிச் சம்பளமாவது கொடுக்க வேண்டும். குற்றம் இல்லை என்று தெரிந்தால் மீதியும் கொடுத்தாக வேண்டும். அந்த விசாரணை என்பதே, உன் தரப்பை நீ சொல் என்று சட்டம் நமக்குத் தரும் பேச்சுரிமைதான். அங்கே போய்த் தலை குனிந்து நின்றுவிட்டு வந்து, லயத்தில் உட்கார்ந்து முழங்குவதில் பயன் என்ன?

அநியாயமாக வேலை நீக்கம் செய்தார்கள் என்றால், 1967-ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு இருக்கிறது. வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் புகார் கொடுக்க வேண்டும். 61-ஆம் நாள் போனால் கதவு சாத்திவிடும். அங்கேயும் முதலில் நடப்பது என்ன? இரண்டு தரப்பையும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சமரசப் பேச்சு. அதில் தீராவிட்டால்தான் தொழில் நீதிமன்றம். பேச்சைத் தாண்டித்தான் வழக்கு என்று சட்டமே வரிசை போட்டிருக்கிறது.

சம்பள விஷயத்தில் ஒன்றை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். 2025 பிப்ரவரி 1 முதல், ஐந்து பேருக்கு மேற்பட்டோ ஐந்து பேரோ வேலை செய்யும் இடங்களில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அந்த ஆண்டு ஆகஸ்டு 1 முதல் மற்ற இடங்களுக்கும் அதுவே. டன் கணக்கில், சாக்குக் கணக்கில் வேலை செய்கிறவர்களுக்கும் இது உண்டு. எண் நம் கையில் இருந்தால் குரல் தானாகவே இறங்கும். விஷயம் தெரியாதவன்தான் கத்த வேண்டியிருக்கும்.

மேலே உட்கார்ந்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை

இந்தப் பகுதியை மண்டோர்மாரும் கிராணிமாரும் படிப்பதுண்டு. அவர்களில் பலர் நம் லயத்தில் பிறந்த பிள்ளைகள்தான். அவர்களிடம் மனம் விட்டுச் சொல்கிறேன். தம்பிமார்களே, உங்கள் அப்பா வயசு ஆளை "வா, போ" என்று கூப்பிடுவதால் வேலை ஒரு டன்கூடக் கூடாது. "வாங்க, போங்க" என்றால் சம்பளத்தில் ஒரு காசும் குறையாது. நம் தமிழில் 'நீ' என்றும் 'நீங்கள்' என்றும் இரண்டு சொல்லை வைத்திருக்கிறார்கள். எந்த இடத்தில் எது என்று தெரிந்தவனைத்தான் ஊர் மதிக்கும். வேலையைக் கண்டிப்பாக வாங்குங்கள். வேண்டாம் என்று யார் சொன்னது? "அண்ணே, பச்சைக் குலை வெட்டிட்டீங்க, மில்லுல ஏத்துக்க மாட்டாங்க" என்று சொல்வதும் கண்டிப்புதான்.

நிர்வாகத்தாருக்கு 1975-ஆம் ஆண்டு நடந்ததை நினைவூட்டுகிறேன். அந்த ஆண்டு முதலாளிமார் தரப்பும் மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரசும் தொழில் நல்லிணக்க நடத்தை நெறி ஒன்றை ஒப்புக்கொண்டன. இரு தரப்பும் தகவலை மறைக்காமல் பேசிக்கொள்ள வேண்டும், குறை எங்கே பிறக்கிறதோ அதற்குப் பக்கத்திலேயே அதைத் தீர்க்கப் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். அது மீறினால் தண்டிக்கிற சட்டம் இல்லைதான். ஆனாலும் கையடித்துக் கொடுத்த வாக்கு. சம்பளக் குறைக்குக் காரணம் கேட்டால், "கோலாலம்பூர் ஆபீஸைக் கேளு" என்று கை காட்டுவது அந்த வாக்குக்குப் பொருந்துமா? சம்பளச் சீட்டில் பிடித்தம் என்று ஒரு எண்ணைப் போட்டால், அது என்ன பிடித்தம் என்று சொல்லிவிடுங்கள். பாதிச் சண்டை பிறக்காமலே போகும்.

பெண்களிடம் பேசும் பேச்சைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1941-இல் கேட்டதை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது வெட்கம். நிரையில் தனியாக வேலை செய்யும் பெண்ணிடம் இரட்டை அர்த்தத்தில் பேசிவிட்டு, "சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன்" என்பது இனிச் செல்லாது. வாயால் சொல்வதும் பாலியல் தொல்லைதான் என்று சட்டம் சொல்கிறது. 2023 ஜனவரி 1 முதல், அதைப் பற்றிய அறிவிப்பை வேலையிடத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டி வைப்பது முதலாளியின் கடமை. புகார் கொடுத்தால் விசாரிக்க வேண்டும். விசாரிக்க மறுத்தால் 30 நாளுக்குள் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும். தாய்மார்களே, உங்கள் தோட்டத்து ஆபீஸ் சுவரில் அந்த அறிவிப்பு இருக்கிறதா என்று நாளைக்கே பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

நமக்குள்ளே எப்படி?

மற்றவனைப் பார்த்து விரல் நீட்டியது போதும். நம்மையும் பார்த்துக்கொள்வோம்.

தோட்டக் கூட்டத்தில் நாம் எப்படிப் பேசுகிறோம்? ஒருவர் எழுந்து கணக்குக் கேட்டால், "நீ யாரு கேக்குறதுக்கு? சந்தா ஒழுங்கா கட்டுனியா?" என்று உட்கார வைத்துவிடுகிறோம். அவர் மறு கூட்டத்துக்கு வருவதில்லை. அதற்கடுத்த கூட்டத்துக்கு அவர் வீட்டுப் பக்கத்து நாலு பேர் வருவதில்லை. அப்புறம் "நம்ம ஜனங்களுக்கு ஒத்துமையே இல்ல" என்று நாமே புலம்புகிறோம். நிர்வாகத்திடம் எந்தப் பேச்சுரிமையைக் கேட்கிறோமோ, அதை முதலில் நம் கூட்டத்தில் கொடுக்க வேண்டாமா? கணக்குக் கேட்பவன் எதிரியில்லை. சங்கம் தன்னுடையது என்று எண்ணுவதால்தான் அவன் கேட்கிறான்.

கூட்டத்தில் பெண்கள் பின்னால் நின்று கேட்டுவிட்டுப் போவதும் மாற வேண்டும். "என்னம்மா சொல்றீங்க?" என்று தலைவர் கேட்டால்தான் பேசுவார்கள் என்றால், கேட்கட்டுமே! இரண்டு கூட்டம் கேட்டால், மூன்றாவது கூட்டத்தில் அவர்களே எழுந்து நிற்பார்கள்.

அடுத்தது, கூட வேலை செய்யும் வெளிநாட்டுத் தோழர்கள். இன்று நம் லயங்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் நேப்பாளிகளும் இருக்கிறார்கள். அவர்களை நம்மில் சிலர் கூப்பிடும் முறையைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றுகிறது. மலாக்கா நகரில் தங்காசாரித் தெரு என்று நாம் சொல்லும் ஜாலான் துக்காங் எமாஸுக்குப் போய்ப் பாருங்கள். அங்கே 1748-இல் முதலில் கட்டிய கம்போங் கிளிங் பள்ளிவாசல் இருக்கிறது. அதே தெருவில் 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலும் இருக்கிறது. 'கிளிங்' என்பது தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு அந்நாளில் வழங்கிய பேர். வெறும் பேர்தான். பிற்பாடு அதையே இளக்காரமாகச் சொல்லிச் சொல்லி, இன்றைக்கு யாராவது நம்மை அப்படிக் கூப்பிட்டால் நெஞ்சில் தைக்கிறது. சொல் அதேதான், சொன்ன தொனிதான் அதை வசையாக்கிவிட்டது. அந்த வலி தெரிந்த நாம், இன்னொருவன் நாட்டுப் பேரை வசையாக்கலாமா? அவனுக்கும் சம்பளம் குறைகிறது. அவனுக்கும் தாள் புரியவில்லை. அவனோடு நாலு வார்த்தை மரியாதையாகப் பேசிப் பழகினால், நாளைக்கு ஒரே கணக்கை இரண்டு பேரும் சேர்ந்து கேட்கலாம். பேசாமல் இருந்தால், அவனைக் காட்டி நமக்குக் குறைப்பார்கள். நம்மைக் காட்டி அவனுக்குக் குறைப்பார்கள்.

கடைசியாக வீடு. ஆபீஸில் வாங்கிய ஏச்சை வீட்டுக்குக் கொண்டு வந்து மனைவி மேலும் பிள்ளை மேலும் கொட்டுகிறவர்கள் நம்மில் உண்டு. ஜாசின், அலோர் காஜா பக்கம் தோட்டத்தை விட்டுத் தாமான் வீட்டுக்குக் குடிபோன குடும்பங்களிலும் இது தொடர்கிறது. பிள்ளை ஆயர் குரோவிலோ பத்து பெரண்டாமிலோ தொழிற்சாலை வேலைக்குப் போகிறான். அப்பா இன்னும் தோட்டத்தில். இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தும், வாரக் கணக்கில் பேச்சில்லை. வீட்டில் "வாய மூடு" என்றே கேட்டு வளர்ந்த பிள்ளை, வேலையிடத்தில் மேலதிகாரியிடம் தன் நியாயத்தை எப்படி எடுத்துச் சொல்வான்? ஒன்று வாயை மூடிக்கொள்வான், இல்லை கையை ஓங்குவான். இரண்டும் நாம் கற்றுக் கொடுத்ததுதான். பிள்ளை எதிர்த்துக் கேள்வி கேட்டால் உடனே அடக்காதீர்கள். "சரி, உன் காரணத்தச் சொல்லு, கேக்குறேன்" என்று ஒரு முறை சொல்லிப் பாருங்கள். முழுசாகக் கேட்டுவிட்டு, பிறகு "முடியாது" என்றாலும் அவன் ஏற்றுக்கொள்வான்.

ஒரு கேள்விக்குப் பதில்

"இப்படி எல்லாம் மரியாதையாப் பேசினா, அவங்க கேக்காம ஏமாத்திட்டா என்ன செய்றது?" என்று ஒரு தோழர் கேட்பார். நியாயமான கேள்விதான். மரியாதையாகப் பேசினால் எல்லாக் கதவும் திறந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படித் திறந்திருந்தால் கிள்ளானில் ஐந்து உயிர் போயிருக்காது. புக்கிட் அசகான்காரர்கள் நடந்திருக்க மாட்டார்கள். பேசிப் பார்த்து, எழுதிப் பார்த்து, சங்கத்தின் வழியாகக் கேட்டுப் பார்த்து, அப்புறமும் மறுத்தால் இலாகாவுக்குப் போவோம், நீதிமன்றத்துக்குப் போவோம், சட்டம் அனுமதிக்கும் போராட்டத்துக்கும் போவோம். அப்படிப் போகும்போது, "நாங்கள் இத்தனை தடவை, இந்தந்தத் தேதியில், முறையாகக் கேட்டோம்" என்று காட்ட நம் கையில் தாள் இருக்க வேண்டும். அந்தத் தாள் இருப்பவன் பக்கம்தான் ஊரும் நிற்கும், நீதிமன்றமும் காது கொடுக்கும். வசை பாடிவிட்டுப் போனால், நம் நியாயத்தைக் கேட்குமுன் நம் வசையைத்தான் விசாரிப்பார்கள்.

கொட்டின பாலை அள்ள முடியாது என்பது பால்மரம் வெட்டிய நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விட்ட வார்த்தையும் அப்படித்தான். ஆனால் வாளியைத் தூக்காமலே வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் பால் ஸ்டோருக்குப் போய்ச் சேராது. ஆகவே பேசுங்கள். நிதானமாகப் பேசுங்கள்.

இந்த மாதச் சம்பளச் சீட்டு கைக்கு வந்ததும் மடித்துப் பையில் வைத்துவிடாதீர்கள். வீட்டில் கணவன், மனைவி, பெரிய பிள்ளை மூவரும் உட்கார்ந்து வரி வரியாகப் பாருங்கள். புரியாத எண்ணை வட்டம் போட்டு வையுங்கள். அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு அந்தச் சீட்டோடு வாருங்கள். ஒரு தோட்டத்தில் பத்துப் பேர் அப்படிச் சீட்டோடு வந்து, "இது என்னங்க?" என்று அமைதியாகக் கேட்டால், ஆபீஸில் பதில் சொல்லாமல் இருக்க முடியாது.